‘அமெரிக்கானா’வை முதல்முறை வகுப்பில் நடத்தப் போகிறீர்களா? தலைமுடியிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் ஒரு புது விரிவுரையாளர் போனில் கூப்பிட்டார். "மேம், இந்த செமஸ்டர் எனக்கு ‘அமெரிக்கானா’ கொடுத்திருக்காங்க. கிட்டத்தட்ட 500 பக்கம். எங்க இருந்து பிடிக்கிறதுன்னே தெரியல" என்றார். அவரிடம் அன்று சொன்னதையும், போனை வைத்த பிறகு ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதிவைத்தால் அவரைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா போகும் ஒரு பெண்ணின் கதையான இந்த நாவலை நான் இதுவரை நான்கு முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை சரியாக வரவில்லை. பின்காலனியம், புலம்பெயர்வு, அடையாளச் சிக்கல் என்று முதல் மூன்று வகுப்பும் பிபிடி போட்டேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள், பரீட்சையில் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் விடைத்தாளில் நாவலின் ஒரு மனிதர்கூட வரவில்லை. நாயகி இஃபெமெலுவின் பெயரே இல்லாமல் எட்டுப் பக்க விடை எழுதியிருந்த ஒரு தாளைத் திருத்தும்போதுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது. அடுத்த வருஷம் கோட்பாட்டை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நாவல் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே தொடங்கினேன். அது தலைமுடியில் தொடங்குகிறது.

வகுப்புக்குப் போகும் முன்பு

நாவலை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை பென்சிலோடு. இதற்குக் குறுக்குவழி இல்லை. இணையத்தில் கிடைக்கும் அத்தியாயச் சுருக்கங்களைப் பிள்ளைகளும் படித்துவிட்டுத்தான் வருவார்கள், அதையே நீங்களும் சொன்னால் பத்து நிமிடத்தில் வகுப்பு படுத்துவிடும்.

ஆசிரியரைப் பற்றி இவ்வளவு போதும்: சிமமாண்டா ங்கோசி அடிச்சி 1977இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர், என்சுக்கா பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்தவர், அப்பா அங்கே புள்ளியியல் பேராசிரியர். 19 வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார், முதலில் சேர்ந்தது பிலடெல்பியாவில். ‘அமெரிக்கானா’ அவருடைய மூன்றாவது நாவல், 2013இல் வந்தது, அந்த ஆண்டுக்கான அமெரிக்க தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் புனைகதை விருதையும் வாங்கியது. நாவலின் நாயகியும் என்சுக்காவில் படித்து பிலடெல்பியாவுக்குப் போகிறாள் என்பதால், "இது அவங்க சொந்தக் கதைதானே மேம்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஊரும் படிப்பும் ஒத்துப்போகிறது, அதற்காக நடந்ததெல்லாம் அவருக்கு நடந்தது என்று ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பாத்திரத்தின் ஒவ்வொரு தவறையும் ஆசிரியரின் கணக்கில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

நாவலில் 7 பாகம், 55 அத்தியாயம். ஒரு செமஸ்டரில் உங்களுக்குக் கிடைப்பது 15 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முழுவதையும் வகுப்பில் படிக்க முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம். நான் செய்வது இதுதான். டிரென்டன் சலூனில் நடக்கும் முதல் அத்தியாயம் முழுவதும் வகுப்பிலேயே. பள்ளிக்காலமும் என்சுக்காவும் வீட்டில். இஃபெமெலு பிலடெல்பியாவுக்கு வந்து இறங்கும் முதல் வருஷம் வகுப்பில், மெதுவாக. மூன்றாம் பாகமான, அவள் பள்ளிக்காலக் காதலன் ஒபின்ஸேவின் லண்டன் பகுதி பாதி வகுப்பில், பாதி வீட்டில். கர்ட், பிளேன் இருவருடனான காதல் பகுதிகளை ஆளுக்கொன்றாகச் செமினாருக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். லாகோஸ் திரும்பிய பிறகு வருவதில் ‘நைஜர்பாலிட்டன்’ சங்கக் கூட்டம் ஒன்று போதும், அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் திரும்பி வந்தவர்கள் கூடி உட்கார்ந்து, லாகோஸில் அது கிடைக்கவில்லை இது கிடைக்கவில்லை என்று புலம்புகிற இடம் அது. அப்புறம் கடைசிப் பக்கம். அதை எப்போது படிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர்கள்

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பெயரைச் சொல்லத் தயங்கினால் "ஹீரோயின்", "அந்தப் பொண்ணு" என்றே வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். வேறு ஊருக்குப் போய் பெயர் தொலைத்தவர்களின் கதையை இப்படிப் பேசுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் தமிழிலேயே எழுதி எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள்: இஃபெமெலு, ஒபின்ஸே, ஊஜு ஆன்ட்டி, டீகே, கினிகா, வம்புயி. ஆசிரியரின் நடுப்பெயரில் தொடக்க ஒலி நம்முடைய ங்-தான். ஆங்கிலக்காரர்கள் தடுமாறுகிற அந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்குத் தடுமாற்றமே இல்லை, "ங்கோசி" என்று ஒரு முறை சொன்னால் வந்துவிடுகிறது. இக்போ மொழியில் அதற்கு ‘ஆசி’ என்று பொருள். ஙப்போல் வளை படித்த பிள்ளைகள் அந்த எழுத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததும் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்போடு நாவலுக்குள் போவது நல்லது.

தலைப்பையும் அன்றே சொல்லுங்கள். அமெரிக்கா போய்வந்து அலட்டுகிறவர்களை நைஜீரியாவில் கிண்டலாகக் கூப்பிடும் சொல் அது, கடைசி அசையை இழுத்துச் சொல்ல வேண்டும். பள்ளித் தோழி கினிகா அமெரிக்கா புறப்படும்போது மற்ற பெண்கள் பிசி என்கிற ஒருத்தியை நினைத்துச் சிரிக்கிறார்கள். பிசி கொஞ்ச நாள் அமெரிக்கா போய்வந்து, தன் மொழியான யொரூபாவே புரியாததுபோல நடித்தவள்.

முதல் பாடம் சலூனில்

முதல் அத்தியாயத்தில் இஃபெமெலு பிரின்ஸ்டனில் இருக்கிறாள். தலை பின்னிக்கொள்ள அவள் ரயில் ஏறி டிரென்டன் போகவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிரின்ஸ்டனில் அவள் முடியைப் பின்னத் தெரிந்த ஒரு கடைகூட இல்லை. இங்கேயே நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள்: ஒரு ஊரில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐஸ்கிரீம் கடை இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஆனால் உன் தலையைத் தொடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அந்த ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது? இந்த ஒரு கேள்வியில் இருபது நிமிடம் போகும், போகட்டும். ரயில் நடைமேடையில் நிற்கிறவர்களின் நிறமும் உடல்வாகும் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எப்படி மாறுகிறது என்று அவள் கவனிக்கிற வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தெளிவு தேவை. சுருட்டை முடி என்றால் நம் வீட்டிலும் உண்டே, எண்ணெய் வைத்துச் சீவினால் போச்சு என்று நினைப்பார்கள். அது இல்லை இது. மிக நெருக்கமாகச் சுருண்டு மேல்நோக்கி வளரும் முடியைப் பற்றிய பேச்சு. அதைக் கூடுதல் இழை வைத்துச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்ன மணிக்கணக்காகும், காசும் ஆகும், உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து வலிக்கும். இன்னொரு வழி ரிலாக்ஸர், அதாவது முடியை நேராக்கும் ரசாயனப் பசை. அதில் பல வகைகளில் சேர்வது சோடியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் சோடா என்று நமக்குத் தெரிந்த அதே சரக்கு. இதைச் சொன்னதும் வேதியியல் படித்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பின்னல் வகைகளின் படங்களைக் காட்டுங்கள், ஆனால் வேடிக்கை காட்டுவதுபோல வேண்டாம்.

பிறகு வரும் வேலை நேர்காணல் காட்சிக்கு அங்கிருந்தே தாவுங்கள். வேலை கிடைக்கவேண்டும் என்றால் பின்னலை அவிழ்த்து முடியை நேராக்கிக்கொண்டு போ என்று அவளுக்குச் சொல்கிறார்கள். அவளும் செய்கிறாள். உச்சந்தலை எரிகிறது, புண்ணாகிறது, முடி கொட்ட ஆரம்பிக்கிறது. வேலை மட்டும் கிடைத்துவிடுகிறது. கடைசியில் தோழி வம்புயி அவள் முடியை ஒட்ட வெட்டிவிடுகிறாள், கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இனவெறி என்ற சொல்லையே எடுக்காமல் இந்தப் பக்கங்களை மட்டும் சத்தமாகப் படியுங்கள். ஒரு நாட்டில் எது நேர்த்தி, எது அலங்கோலம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது அந்த எரிச்சலில் இருக்கிறது. கூடவே ஒரு தகவல்: முடியை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது 2019இல்தான், அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து.

நைஜீரியாவுக்கு ஒரே ஒரு வகுப்பு

வரலாற்றில் மூழ்கிவிட வேண்டாம், ஆனால் இது இல்லாமலும் முடியாது, இல்லையென்றால் அவள் ஏன் ஊரைவிட்டுப் போனாள் என்பது புரியாது. பஞ்சம், போர் என்று எதுவும் இல்லை. 1993 ஜூனில் நடந்த தேர்தலை ராணுவ அரசு ரத்து செய்தது, அதே வருஷம் நவம்பரில் ஜெனரல் அபாச்சா ஆட்சியைப் பிடித்தார், 1998இல் அவர் சாகும்வரை அது நீடித்தது, மக்களாட்சி திரும்பியது 1999இல். அந்த வருஷங்களில் சம்பளம் வராமல் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. இஃபெமெலுவின் அப்பா அரசு வேலையை இழந்தது எதனால் தெரியுமா? புதிய மேலதிகாரியை மற்றவர்களைப் போல "மம்மி" என்று கூப்பிட மறுத்ததால். ராணுவ ஆட்சி என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்த ஒரு காட்சி அதிகம் சொல்லும்.

ஒபின்ஸே பிற்பாடு லண்டனில் ஒரு விருந்தில் உட்கார்ந்து நினைப்பதை இங்கே முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். போரிலிருந்து ஓடிவருகிறவர்களை அந்த மேசையில் இருப்பவர்களுக்குப் புரிகிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து, ஆனால் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லாத ஒரு வாழ்க்கையிலிருந்து தப்பி வருகிறவர்களை அவர்களுக்குப் புரியவில்லை. குடியேற்றம் என்றாலே பசி என்று நினைத்திருக்கும் பிள்ளைகளை இந்தப் பத்தி அசைத்துவிடும்.

நேரம் இருந்தால் ஆசிரியர் 2009இல் ஆற்றிய ‘ஒற்றைக் கதையின் ஆபத்து’ உரையைப் போட்டுக் காட்டலாம், இருபது நிமிடம்கூட வராது. அமெரிக்க அறைத்தோழி "உங்கள் பழங்குடி இசையைக் கேட்க முடியுமா" என்று ஆசையாகக் கேட்க, இவர் மரையா கேரி கேசட்டை எடுத்துக் காட்டிய சம்பவம் அதில் வருகிறது.

‘கறுப்பு’ என்கிற சொல்லில் வரும் சிக்கல்

இந்த நாவலைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடத்துவதில் உண்மையான கஷ்டம் இங்கேதான், இதற்கு இரண்டு வகுப்பை ஒதுக்கிவிடுங்கள்.

வலைப்பூ எழுதுகிற இஃபெமெலு ஒரு விருந்தில் சொல்கிறாள், அமெரிக்கா வரும்வரை தான் கறுப்பாக இருக்கவில்லை என்று. வகுப்பில் இதைப் படித்ததும் ஒரு பையன், "அப்போ ஊர்ல அவங்க கலரா இருந்தாங்களா மேம்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அதே குழப்பம். நம் மொழியில் கறுப்பு, செவப்பு, மாநிறம் எல்லாம் ஒரே வீட்டுக்குள் புழங்குகிற சொற்கள். அக்கா செவப்பு, தம்பி கறுப்பு என்று ஒரே வயிற்றில் பிறந்தவர்களையே சொல்கிறோம். அதில் வலி இருக்கிறது, கல்யாணச் சந்தையில் அது என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்தக் கறுப்பு ஒரு தோலின் நிறம். அமெரிக்கா ‘கறுப்பர்’ என்று சொல்வது ஒரு பிரிவை. ரொம்ப வெளிர்ந்த தோலோடு இருப்பவரும் அதில் வருவார், ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலே போதும் என்று பல மாநிலங்களில் சட்டமே இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்களை அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதே 1967இல்தான். நைஜீரியாவில் இஃபெமெலு இக்போ, பக்கத்து வீட்டுக்காரர் யொரூபா, கடைக்காரர் ஹௌசா. அங்கே எல்லோருமே கறுப்பு என்பதால் கறுப்பு என்பது ஒரு அடையாளமாகவே இல்லை. விமானத்திலிருந்து இறங்கிய பிறகு அவள் மேல் ஒட்டப்பட்டது அது.

‘இனம்’ என்ற சொல்லும் வழுக்கும். தமிழினம் என்று சொல்லும்போது மொழியும் வரலாறும்தான் நம் மனதில் வருகிறது, அதே சொல்லை எடுத்து இனவெறி என்று அமெரிக்காவுக்கு வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நான் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு, தோலின் நிறம், மொழிவழிக் கூட்டம், சட்டமும் சமூகமும் சேர்ந்து போட்ட பிரிவு என்று எழுதிவிட்டு, நாவலிலிருந்து ஒவ்வொரு ஆளாக எடுத்து எங்கே வைப்பது என்று கேட்கிறேன். கினிகாவில் வந்து மாட்டிக்கொள்வார்கள். அவள் அம்மா வெள்ளைக்காரர். லாகோஸ் பள்ளியில் அவளைக் குறிக்கும் ‘ஹாஃப் காஸ்ட்’ என்ற சொல்லுக்கு அழகி என்று அர்த்தம், அமெரிக்காவில் அதே சொல் வசவு. அவளே வந்து இஃபெமெலுவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்தத் துணிக்கடைக் காட்சியையும் விடாதீர்கள். உங்களுக்கு உதவியது எந்தப் பெண் என்று கல்லாவில் கேட்கிறார்கள், நீள முடியா, கறுப்பு முடியா என்று என்னென்னவோ கேட்கிறார்கள், கறுப்பினப் பெண்ணா வெள்ளையினப் பெண்ணா என்று மட்டும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் இஃபெமெலு ஏன் என்று கேட்க, சில விஷயங்களைப் பார்க்காததுபோல இருப்பதுதான் இங்கே வழக்கம் என்கிறாள் கினிகா. இரண்டு பேரை நடிக்கவைத்துப் பாருங்கள், அந்தச் சங்கடம் வகுப்புக்கே வந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும். முன்னவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், வர்ஜீனியாவுக்கு முதல் கூட்டம் வந்தது 1619இல், அடிமைமுறை ஒழிந்தது 1865இல், சமவுரிமைச் சட்டம் வந்தது 1964இல். பின்னவர்களில் பலருக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. பிளேன் முதல் வகை, இஃபெமெலு இரண்டாம் வகை. பல்கலைக்கழக நூலகத்தின் கறுப்பினக் காவலர் ஒருவர்மேல் போதைப்பொருள் விற்பதாகச் சந்தேகம் வந்து போலீஸ் கூப்பிடப்பட்டபோது பிளேன் போராட்டம் நடத்துகிறான், இஃபெமெலு அதற்குப் போகாமல் ஒரு மதிய விருந்துக்குப் போய்விட்டுப் பொய் சொல்கிறாள். அவன் நாள்கணக்கில் அவளோடு பேசுவதில்லை. யார் பக்கம் நியாயம் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க விடுங்கள். நான் நடத்திய நான்கு முறையும் வகுப்பு வேறுவேறு பக்கம் சாய்ந்திருக்கிறது.

இப்போது சாதி. இரண்டாம் வகுப்பிலேயே யாராவது "இது நம்ம ஊர் சாதி மாதிரிதானே" என்று சொல்லத்தான் போகிறார்கள். அந்தக் கையைக் கீழே இறக்காதீர்கள், ஆனால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். "குறிச்சு வச்சுக்கோ, இந்த நாவலோட பத்தாவது கிளாஸ்ல இதை நீயே எடுத்து நடத்தப்போறே" என்பேன் நான். காரணம், ஒப்பீடு சீக்கிரம் வந்துவிட்டால் பிள்ளைகள் டிரென்டனைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், தெரிந்த ஒன்றை இன்னொரு பெயரில் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். முதலில் அந்த நாட்டின் கணக்கு அந்த நாட்டின் கணக்காகவே பிடிபடட்டும். நேரம் வரும்போது வெறும் உணர்ச்சியாக இல்லாமல் வரலாற்றோடு பேசுங்கள். ஜோதிராவ் ஃபுலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ், அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, அதற்கு ஒரு நீண்ட தொடர்ச்சி இருக்கிறது என்று தெரிந்தால் பொறுப்போடு பேசுவார்கள். ஆனால் வகுப்பில் யாருடைய சாதியையும் யாரும் கேட்கவோ ஊகிக்கவோ கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மெதுவாகப் பேசிய அந்த அலுவலர்

இஃபெமெலு கல்லூரியில் பதிவு செய்யப் போகிறாள். கிறிஸ்டினா டோமஸ் என்கிற பெண், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, குழந்தையிடம் சொல்வதுபோல, எந்தப் படிவத்தை எங்கே வாங்கவேண்டும் என்று சொல்கிறார். பாவம், இவருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல என்று முதலில் இஃபெமெலு நினைக்கிறாள். தன் உச்சரிப்பைக் கேட்டுத்தான் இவர் இப்படிப் பேசுகிறார் என்று அப்புறம் புரிகிறது. சின்ன வயதிலிருந்து ஆங்கிலம் பேசியவள், பள்ளியில் விவாதக் குழுவுக்குத் தலைமை வகித்தவள், அந்த இடத்தில் காய்ந்த இலைபோலச் சுருங்கிப்போகிறாள். அன்றிலிருந்து அமெரிக்க உச்சரிப்பைப் பழக ஆரம்பிக்கிறாள்.

இந்தக் காட்சியை நடத்தும்போது நீங்கள் குறைவாகப் பேசுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள். படித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் எழுந்து, "எனக்கு மெதுவா கூட யாரும் சொல்லல மேம், பக்கத்துல இருந்தவளப் பாத்துச் சொன்னாங்க, அவ எனக்குச் சொன்னா" என்றாள். எந்த அலுவலகம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

அடுத்த வகுப்பில் இதன் மறுபாதியைப் படியுங்கள். போனில் விற்பனை பேச வந்த ஒரு ஆள், நீங்கள் அப்படியே அமெரிக்கர் மாதிரிப் பேசுகிறீர்கள் என்று சொல்ல, அவள் நன்றி சொல்லிவிடுகிறாள். போனை வைத்த பிறகுதான் கூசுகிறது, இதற்கு எதற்கு நன்றி சொன்னேன் என்று. அன்றே அந்த உச்சரிப்பை விட்டுவிடுகிறாள். இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஒரே தாளில் கொடுத்தால் நல்லது, நாவலில் நடுவே நிறையப் பக்கம் இருக்கிறது.

கவனமாக நடத்தவேண்டிய இடங்கள்

மூன்று இடங்கள் இருக்கின்றன, மூன்றையும் முந்தின வகுப்பிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். வாடகைக்குக் காசில்லாமல் இஃபெமெலு ஒரு டென்னிஸ் பயிற்சியாளர் வீட்டுக்குப் போய் 100 டாலரோடு திரும்பும் காட்சி ஒன்று. சத்தமாகப் படிக்க வேண்டாம், விவரங்களுக்குள்ளும் போக வேண்டாம். மாணவர் விசாவில் வெளியே வேலை செய்ய அனுமதி இல்லை, இன்னொருத்தியின் அடையாள அட்டையில் வேலை தேடுகிறாள், எங்கேயும் கிடைக்கவில்லை, வாடகை நாள் வந்துவிட்டது என்று அந்த வீட்டு வாசல்வரை அவளைக் கொண்டுவந்த படிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவள்மேல் தீர்ப்பு எழுத வருகிற பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்து நிதானிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் ஒபின்ஸேவின் கடிதங்களைத் திறக்காமல் விடுவதை மனச்சோர்வு என்று பெயர் சொல்லியே பேசுங்கள், நாவலில் கினிகா அப்படிப் பெயர் சொல்ல, நம் ஊரில் இதெல்லாம் ஏது என்று இஃபெமெலு மறுக்கிறாள்.

இரண்டாவது, டீகேயின் தற்கொலை முயற்சி. அமெரிக்காவில் வளர்ந்த பையன், எல்லோரையும் சிரிக்கவைப்பவன். ‘ஏன் செய்தான்’ என்று பிள்ளைகளை ஊகிக்கவிடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். அவன் அம்மா ஊஜு, நீ கறுப்பன் இல்லை என்று அவனிடம் சொல்லியே வளர்த்தாள், அப்படியானால் நான் யார் என்பதற்கு மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை என்று இஃபெமெலு சண்டை போடுகிற இடத்தைப் படித்தால் போதும். வகுப்பில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள், எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், தேவைப்படுகிறவர் குறித்துக்கொள்வார்.

மூன்றாவது, கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த ‘என்’ எழுத்துச் சொல். வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது என் முடிவு. அதற்கு நாவலே வழி காட்டுகிறது: ஒரு கருத்தரங்க வகுப்பில் படம் போடுகிறார்கள், அந்தச் சொல் வரும் இடத்தில் ஒலியை நிறுத்திவிடுகிறார்கள், உடனே மாணவர்களுக்குள் விவாதம் மூள்கிறது. அந்தக் காட்சியைப் படித்துவிட்டு நம் வகுப்பு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

லண்டனில் ஒரு வினைச்சொல்

லண்டன் பகுதியில் ஒபின்ஸே இன்னொருவன் பெயரில் வேலை பார்க்கிறான், கழிப்பறை கழுவுகிறான், விசாவுக்காக ஒரு கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்கிறான், அந்தக் கல்யாண நாளிலேயே பிடிபடுகிறான். ஊருக்குத் திரும்பிப்போக சம்மதம் என்று வழக்கறிஞரிடம் அவன் சொல்ல, அவர் தாளில் எழுதுவது வேறு மாதிரி: கட்சிக்காரர் ‘அகற்றப்பட’ இசைகிறார் என்று. இதைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அனுப்பிவைக்க, வெளியேற்ற, நாடுகடத்த என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘அகற்று’ என்று ஒருவர் சொன்னதும் அந்த வினையை நாம் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று கேளுங்கள். குப்பை, ஆக்கிரமிப்பு, கட்டி என்று பதில்கள் வரும். ஒபின்ஸேவுக்கும் அந்தச் சொல் தன்னை ஒரு பொருளாக ஆக்கியதுபோலத்தான் இருக்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள், நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

கோட்பாடும் மார்க்கும்

கோட்பாட்டை இப்போது கொண்டுவாருங்கள், இரண்டு வகுப்பு போதும். காட்சிகள் கையில் இருப்பதால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நாவலிலிருந்து ஒரு இடத்தைப் பிள்ளைகளே எடுத்துத் தருவார்கள். பரீட்சைக்கான நோட்ஸையும் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு மார்க் வேண்டும், அதில் தப்பில்லை.

இன்டர்னல் அசைன்மென்ட்டுக்கு இஃபெமெலு எழுதுவதுபோல ஒரு வலைப்பூப் பதிவு எழுதச் சொல்வது வழக்கம். நான் அதைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன். டிரென்டன் சலூனில் இஃபெமெலுவுக்குத் தலை பின்னுகிற செனகல் நாட்டுப் பெண் ஆயிஷாவின் பக்கத்திலிருந்து அந்த நாளை எழுதச் சொல்கிறேன். நாவலின் பெரும்பகுதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நினைவுகளாக விரிகிறது, பின்னுகிற கை மட்டும் ஆயிஷாவுடையது. அவளை இஃபெமெலு கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறாள். அவள் அப்பா செத்தபோது பேப்பர், அதாவது குடியேற்ற ஆவணம், இல்லாததால் ஊருக்குப் போகமுடியவில்லை என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறவர்கள் முதல் வரைவைத் தமிழில் எழுதட்டும். என்னிடம் இருக்கும் மிக நல்ல அசைன்மென்ட்டுகள் எல்லாம் அப்படித் தொடங்கியவைதான்.

கடைசி வகுப்புக்குக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துப்போங்கள். முடிவை முன்பே சொல்லிவிடாதீர்கள், தெரிந்தவர்களையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தை ஒரு மாணவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கதவருகில் நிற்கும் ஒபின்ஸேவை இஃபெமெலு ஒரு செல்லப்பெயரால், ‘சீலிங்’ என்று, வீட்டுக் கூரையின் பெயரால் கூப்பிடுகிறாள், உள்ளே வா என்கிறாள், நாவல் முடிந்துவிடுகிறது. அவனை எதற்கு அப்படிக் கூப்பிடுகிறாள் என்று வகுப்பு முழிக்கும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பதில் நாவலுக்குள்ளேயே எங்கேயோ இருக்கிறது, எல்லோரும் புத்தகத்தைத் திறந்து தேடட்டும், மணி அடித்தாலும் பரவாயில்லை.